உப்புப் போட்ட ரகசியம்

வாசகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. பாங்கில் பணம் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் இருந்தபடியே செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறீர்கள். பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்று குழந்தைகள்கூடச் சொல்கிறார்களே, அதுதான். ஒரு நாள் அந்தச் சொல் மறந்து போய்விடுகிறது. நேரே பாங்குக்குப் போகிறீர்கள். ஆதார் அட்டை, பென்ஷன் புத்தகம், பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்புகிறீர்கள். "நான்தான் நான். என் சொல்லை எடுத்துச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். அதிகாரி கையை விரிக்கிறார். "அது எங்களுக்கே தெரியாதே, ஸார்!" என்கிறார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பீர்களா, மாட்டீர்களா?

ராமநாதபுரத்தில் இருக்கும் என் பழைய ஹெட்மாஸ்டர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் அங்கேயே சொல்லிவிட்டும் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் வெண்கலக் குரல். அன்றைக்கு அந்த பாங்கில் வேறு வேலை நடந்திருக்காது.

ஒரு காரியமாக அந்தப் பக்கம் போன நான், ஸாரைப் பார்க்காமல் திரும்பக் கூடாதென்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். க்ஷேமலாபம் விசாரித்து முடிவதற்குள் வழக்கு என்னிடம் வந்துவிட்டது.

"நீயே சொல்லப்பா. நான் சொல்லைச் சரியாகப் போட்டால் கதவு திறக்கிறது. ஓர் எழுத்துப் பிசகினால் 'தப்பு' என்கிறது. விடை தெரியாத வாத்தியார் எப்படிப் பரீட்சைப் பேப்பர் திருத்த முடியும்? தெரியாதாமே, தெரியாது!"

நியாயமான கேள்விதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வகுப்பில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். தரையைப் பார்த்தேன்.

"இன்னும் கேள். வீட்டுக்கு வந்தேன். புத்தகம் தருவிக்கிற கடை ஒன்றில் எனக்குக் கணக்கு உண்டு. அங்கேயும் அதே சொல்தான். 'மறந்துவிட்டது' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அமுக்கினேன். அரை நிமிஷம் ஆகவில்லை, என் சொல்லை எழுத்துப் பிசகாமல் ஈமெயிலில் அனுப்பிவிட்டான்! அதைக் கொண்டுபோய் பாங்கில் போட்டேன். திறந்துகொண்டது. அவ்வளவு பெரிய பாங்குக்குத் தெரியாதது ஒரு புத்தகக் கடைக்குத் தெரிந்திருக்கிறது. எது நல்ல நிர்வாகம்?"

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பேத்தி எழுந்து வந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண்.

"தாத்தா, கொஞ்சம் முன்னால் என்ன சொன்னீங்க? கடைக்காரர் அனுப்பின சொல்லைப் போட்டதும் பாங்க் திறந்துடுச்சா?"

"ஆமாம்மா. அதுதான் சாமர்த்தியம்."

"அப்போ நம்ம பாங்க் சாவி அந்தக் கடையில் தொங்குதுன்னு அர்த்தம், தாத்தா."

திண்ணையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. அந்தக் கணக்கில் இருந்தது சாமானியமான பணம் அல்ல. முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூசியைச் சுவாசித்துச் சேர்த்தது ஒரு பங்கு. இந்தப் பெண்ணின் மேல்படிப்புக்கென்று திருவாடானைப் பக்கத்து நிலத்தை விற்று வைத்தது இன்னொரு பங்கு.

"உடனே மாத்துங்க, தாத்தா."

"காரணம் விளங்காமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்" என்றார் ஹெட்மாஸ்டர். அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த நேரம் பார்த்து அப்பத்தா கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்தார்கள். பேத்தி டம்ளரைப் பார்த்தாள். அவளுக்கு யோசனை உதித்தது அந்தக் கணத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"தாத்தா, பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி வரும். கருப்பட்டியைத் திரும்பப் பதநீர் ஆக்க முடியுமா?"

"அது எப்படி முடியும்?"

"பாங்க் வைத்திருக்கிறது கருப்பட்டியைத்தான். உங்க பதநீரை முதல் நாளே காய்ச்சி, கருப்பட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிட்டாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் புதுப் பதநீர் கொண்டு போறீங்க. அதை அந்த நிமிஷமே காய்ச்சிப் பார்க்கிறாங்க. இரண்டு கருப்பட்டியும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கிறாங்க. அதிகாரியை என்ன உருட்டினாலும் பதநீர் கிடைக்காது. அவரிடம் இல்லை!"

வாசகர்களே, விஷயம் இவ்வளவுதான். எழுத்துக்களை எண்களாக்கிக் கடைந்து, கலக்கி, பழைய உருத் தெரியாமல் செய்துவிடும் இந்தக் காய்ச்சலுக்கு இங்கிலீஷில் 'ஹாஷ்' என்று பெயர். ஒரே திசையில் போகும், திரும்பி வராது. ஆனால் நிஜக் கருப்பட்டி எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஹாஷ் அப்படி அல்ல. மூலத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் விடை முழுவதுமே மாறிவிடும்.

ஹெட்மாஸ்டர் அரை மனதாகத் தலையை ஆட்டினார். அவர் சங்கீதப் பிரியர். ராமநாதபுரம் என்றால் அரண்மனைக்கு அடுத்தபடியாகப் பூச்சி சீனிவாச ஐயங்காரை நினைக்கிற தலைமுறை. பேத்தி அதையும் அறிந்தவள்.

"மேசகல்யாணி எத்தனையாவது மேளம், தாத்தா?"

"அறுபத்தைந்து. கடபயாதி கணக்கு. 'ம'வுக்கு ஐந்து, 'ச'வுக்கு ஆறு. திருப்பிப் படித்தால் 65."

"சரி. நான் 65 என்று மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து ராகத்தின் பெயரைக் கட்டிக் கொண்டு வாங்க பார்ப்போம். மேளகர்த்தா ஜாபிதாவைப் பார்க்கக் கூடாது!"

அவர் யோசித்தார். கடபயாதியில் ஐந்து என்ற எண்ணுக்கு உரிய மெய்யெழுத்துக்கள் நான்கு, ஆறுக்கு மூன்று. முதல் இரண்டு எழுத்துக்கே பன்னிரண்டு ஜோடிகள். உயிரெழுத்துக்குக் கணக்கே கிடையாது. 'மே' என்றாலும் 'மா' என்றாலும் ஐந்துதான். அப்புறம் வருகிற 'கல்யாணி' முழுவதும் எண்ணில் இல்லவே இல்லை, தொலைந்தே போயிற்று. பெயரிலிருந்து எண்ணுக்கு நொடியில் போகலாம். எண்ணிலிருந்து பெயருக்குப் பாதை கிடையாது. நம்முடைய பெரியவர்கள் பாஸ்வேர்டுக்காக இதைச் செய்யவில்லை, ஞாபகத்துக்காகச் செய்தார்கள். ஆனாலும் ஹாஷ் என்பதன் குணம் இதில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி அளவில் இருக்கிறது. மேளம் எழுபத்திரண்டுதான். ஷா-256 என்று இன்று உலகமெங்கும் புழங்கும் ஹாஷில் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். வேறொரு சொல் தற்செயலாக உங்கள் சொல்லின் விடையையே தந்துவிடுமோ என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"அப்படியானால் திருடன் கருப்பட்டியைத் திருடிக்கொண்டு போனாலும் பயமில்லை" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பயம் உண்டு, தாத்தா. அவன் கருப்பட்டியை உருக்க மாட்டான். ஊரிலுள்ள பதநீரையெல்லாம் காய்ச்சிப் பார்ப்பான்."

அதாவது, ஊகிப்பான். 'முருகன்123'-ஐக் காய்ச்சுவான். பிறந்த தேதியைக் காய்ச்சுவான். அகராதியை ஆரம்பம் முதல் முடிவு வரை காய்ச்சுவான். மனிதர்கள் எப்படிப்பட்ட சொற்களை வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். 2009-ஆம் ஆண்டு ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் பாஸ்வேர்டுகள் வெளியே சிதறின. காய்ச்சாத பச்சைப் பதநீராகவே வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்! அதில் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் '123456' என்பதையே ரகசியமாகக் காப்பாற்றி வந்தது தெரிந்தது.

இங்கேதான் உப்பு வருகிறது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உலகமெங்கும் இதற்கு 'உப்பு' என்றுதான் பெயர். கூட்டமாக ஆயிரம் பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் ஆயிரம் கருப்பட்டியும் ஒரே மாதிரி இருக்கும். திருடன் ஒன்றை ஊகித்தால் ஆயிரமும் அகப்பட்டுவிடும். வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே ஒரு பெரிய ஜாபிதாவும் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே காய்ச்சுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் சொல்லிலும் வெவ்வேறு உப்பு, அதாவது குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில எழுத்துக்கள், சேர்த்துவிடுகிறார்கள். இன்னாருக்கு இன்ன உப்பு என்பதைப் பக்கத்திலேயே எழுதியும் வைக்கிறார்கள். உப்பு ரகசியம் இல்லை. ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது திருடன் ஒவ்வொருவருக்கும் தனியாக அடுப்பு மூட்ட வேண்டும்.

அப்பத்தா உள்ளே போய் ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்து, "வாலிநோக்கத்து உப்பு. இதையா கம்ப்யூட்டரில் போடுறாங்க?" என்று கேட்டார்கள். மாவட்டத்தின் தென் கரையில் இருக்கும் வாலிநோக்கத்தில், 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பெரிய உப்பளம் இருக்கிறது. பாத்தி பாத்தியாகக் கடல் நீர் காய்ந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும் காட்சியை ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழி அமெரிக்காவுக்கும் பொருந்தும். உத்தியோகஸ்தர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் லிங்க்டுஇன் என்ற பெரிய ஸ்தாபனத்தில் பாஸ்வேர்டுகளைக் காய்ச்சித்தான் வைத்திருந்தார்கள், உப்புப் போடவில்லை. 2012-ல் 65 லட்சம் கருப்பட்டிகள் வெளியே வந்தன. சில நாளிலேயே பெரும்பாலானவற்றுக்குப் பதநீர் கண்டுபிடித்துவிட்டார்கள். போனது 65 லட்சமல்ல, 11 கோடிக்கும் மேல் என்பது 2016-ல் தெரிய வந்தது.

அன்றிரவு ஹெட்மாஸ்டர் சொல்லை மாற்றவில்லை. "பாதி விளங்கிவிட்டது. மீதியை நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பேத்திக்குத் தூக்கம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அமாவாசை. ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாட வேண்டுமென்று அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். மூவரும் ரயில் ஏறினோம். 1914-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த பழைய பாம்பன் பாலம் ஓய்வெடுத்துக்கொண்டுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது. இரண்டு பக்கமும் பச்சைக் கடல். சேது என்று சொன்னாலே ஹெட்மாஸ்டருக்குக் கம்பன் நாவில் வந்துவிடுவான்.

"நீ சொல்கிற அடையாளமெல்லாம் என்ன புதுசா? அனுமான் கணையாழியைக் கொண்டுபோய்க் காட்டவில்லையா? சீதாபிராட்டி சும்மா விட்டாளா? சூடாமணியைக் கொடுத்ததோடு, காகம் வந்து துன்புறுத்திய பழைய சங்கதியையும் சொல்லி அனுப்பினாள். அது ராமனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்."

"அழகான பாஸ்வேர்டு, தாத்தா. கையில் ஒரு பொருள், மனசில் ஒரு சொல், இரண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கை. பாங்க்காரங்க உங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்புறாங்களே, அது கணையாழி மாதிரி. ஆனால் இதில் ஒரு குறை இருக்கு. அந்தச் சங்கதி ராமனுக்கும் தெரிஞ்சிருக்கணும். தூது போன அனுமானுக்கும் அன்றைக்கே தெரிஞ்சுபோச்சு. ராமனும் அனுமானுமாக இருந்தால் சரி. புத்தகக் கடைக்காரரை நாம் அப்படி நம்ப முடியுமா?"

ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பதில் சொல்லாவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நம் தமிழ் வியாபாரிகளும் தரகர்களும் விலை பேசும்போது வாடிக்கைக்காரருக்குப் புரியாமலிருக்க எண்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். மதி என்றால் ஒன்று. குணம் என்றால் மூன்று. சுருதி என்றால் நான்கு. திசை என்றால் பத்து. கேட்க ரஸமாக இருக்கும். ஆனால் வாடிக்கைக்காரர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டால் கடையே அம்பலம். 1883-ல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் யுத்த சங்கேதங்களைப் பற்றி எழுதும்போது, முறை முழுவதும் எதிரியின் கையில் அகப்பட்டாலும் சாவி ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்ற நிலை வேண்டும் என்றார். இன்றைய ஹாஷ் முறைகள் அந்த ஜாதி. செய்முறையைப் புத்தகத்தில் அச்சடித்து விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்தப் புத்தி வருவதற்கு முன்னால் பெரிய பெரிய பண்டிதர்களே பட்ட பாட்டைக் கேளுங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையில் 1960-களின் தொடக்கத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் பச்சையாக எழுதி வைத்தார்கள். ஆலன் ஷெர் என்ற மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. 1962-ல் அவர் துளையிட்ட அட்டை ஒன்றில், 'இன்ன ஏட்டை அச்சடித்துத் தரவும்' என்று மனுப் போட்டார். யந்திரம் அடித்துக் கொடுத்துவிட்டது! அப்புறம் மற்றவர்கள் நேரமெல்லாம் அவர் நேரம். பல வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். 1966-ல் அதே இடத்தில் இன்னொரு விபரீதம். தினமும் வருகிறவர்களுக்கு வரவேற்புச் செய்தி காட்டும் ஏடும் பாஸ்வேர்டு ஏடும் தவறுதலாக இடம் மாறிக்கொண்டன. அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம், 'வருக, வருக' என்பதற்குப் பதிலாக எல்லோருடைய ரகசியமும் வரிசையாக அச்சாகி வந்தது.

அதே 60-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ரோஜர் நீதமும் மைக் கை என்பவரும், ரகசியத்தை எழுதி வைக்காமல் காய்ச்சி வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் இருவரும் அதை வளர்த்து 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உப்புப் போடும் பழக்கம் அதிலிருந்துதான் பரவியது. அவர்களிடம் இருந்தது 4,096 தினுசு உப்பு. ஒரு தடவை காய்ச்சினால் போதாதென்று 25 தடவை காய்ச்சினார்கள். இதோடு ஒரு பரீட்சையும் செய்தார்கள். ஜனங்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்ததில் 2,831 எளிதில் ஊகிக்கக் கூடியவையாக இருந்தன. நூற்றுக்கு எண்பத்தாறு!

ஏன் 25 தடவை என்பது எனக்கு ராமேஸ்வரம் கோவிலுக்குள் போன பிறகுதான் சரியாக விளங்கிற்று.

அக்னி தீர்த்தத்தில் கடலாடிவிட்டு, கோவிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் வரிசையில் போனோம். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஓர் ஆள் நின்றுகொண்டு வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார். ஈரத் துணியோடு அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். அமாவாசைக் கூட்டம். பதினைந்தாவது கிணற்றில் எனக்குப் பல் கிட்டிவிட்டது. ஹெட்மாஸ்டர் சளைக்கவில்லை.

ஈரம் சொட்டச் சொட்டப் பிராகாரத்தில் உட்கார்ந்தபோது பேத்தி சொன்னாள். "தாத்தா, வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவங்களுக்கு இந்த இருபத்திரண்டு கிணறு ஒரு கஷ்டமில்லை. உங்க சொல்லை ஊகிக்கிற ஒருத்தன், ஒவ்வொரு ஊகத்துக்கும் இப்படி ஒரு சுற்று முழுசாகக் குளிச்சு வரணும் என்றால்?"

"கோடி ஊகத்துக்குக் கோடி சுற்றா? ஜன்னி கண்டு செத்துப் போவான்."

அதுதான் ரகசியம், வாசகர்களே. கம்ப்யூட்டர் உலகத்தில் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும் என்பார்கள். பாஸ்வேர்டு காய்ச்சும் இடம் ஒன்றுதான் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டிய இடம். பழைய எம்.டி.5 போன்ற ஹாஷ்கள் வேறு காரியங்களுக்காகச் செய்தவை, அதிவேகமானவை. பையன்கள் கேம்ஸ் ஆடுவதற்காக வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இன்றைக்கு நொடிக்குப் பல ஆயிரம் கோடி தடவை அதைக் காய்ச்சிப் பார்த்துவிடும். ஆகவே 1999-ல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாஸியேர் என்ற இருவர் பி-கிரிப்ட் என்று ஒன்றைச் செய்தார்கள். அதில் எத்தனை சுற்று என்பதை நாமே கூட்டிக்கொண்டு போகலாம். யந்திரம் வேகமாக வேகமாகக் கிணற்றின் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். உங்களுக்குக் கால் நொடி தாமதம். அவனுக்கு ஆயுள் தண்டனை.

திருடன் லேசுப்பட்டவனல்ல, "ஆயிரம் ஆளைக் கூலிக்கு வைத்து ஒரே சமயத்தில் குளிக்கச் சொல்கிறேன்" என்பான். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக இருபத்திரண்டு கிணறு வெட்டித் தர வேண்டும் என்று வைத்துவிட்டால்? கம்ப்யூட்டரில் கிணறு என்பது ஞாபகசக்தி, மெமரி. அது விலை கூடிய சரக்கு. இந்தத் தத்துவத்தில் செய்ததுதான் ஆர்கான்-2. உலகத்திலுள்ள நிபுணர்கள் 24 முறைகளை அனுப்பிய பகிரங்கப் போட்டியில், 2015-ல் அது முதல் பரிசு பெற்றது. செய்தவர்கள் லக்ஸம்பர்க் சர்வகலாசாலைக்காரர்கள்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். திரும்பி வராத பாதை என்று ஒன்று உண்டு என்பதைக் கணித ரீதியாக நிரூபித்தவர் இன்றுவரை கிடையாது. அத்தனை கெட்டிக்காரர்களும் முட்டிப் பார்த்து முடியவில்லை என்பதே இப்போதைக்குச் சாட்சி. எம்.டி.5-ல் இரண்டு வெவ்வேறு மூலங்களுக்கு ஒரே விடை வரும்படி செய்யலாம் என்று 2004-ல் வாங் ஷியாவ்யுன் என்ற சீனப் பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் காட்டிவிட்டார்கள். ஆகவே இந்தத் துறையில் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்: நீயாக ஒரு பூட்டுச் செய்யாதே, பத்து வருஷம் பலபேர் உடைக்கப் பார்த்துத் தோற்ற பூட்டை வாங்கிப் போடு.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகத்துக்கு எதிரே வண்டி நின்றது. ராமேஸ்வரத்துப் பிள்ளையான கலாம்தான் 1999-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக முதன்முதலில் அமர்ந்தவர். அந்த அலுவலகத்தின் முயற்சியால் 2002-ல் தோன்றிய 'செட்ஸ்' என்ற ஸ்தாபனம் சென்னைத் தரமணியில் இந்தச் சங்கேத வித்தையிலேயே ஆராய்ச்சி நடத்துகிறது. பேத்திக்கு அங்கே போக ஆசை. நிலத்தை விற்ற பணம் அதற்குத்தான். இதைச் சொன்னபோது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. நானும் அந்தப் பணத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாம்பன் தாண்டியதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். நம் நாட்டில் நடந்த கதை. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்து தரும் ஜொமேட்டோ கம்பெனி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2017 மே மாதம் அதன் வாடிக்கைக்காரர்களில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேருடைய விவரங்கள் திருட்டுப் போயின. அவர்களில் 66 லட்சம் பேருடைய பாஸ்வேர்டு ஹாஷும் போயிற்று. மற்றவர்கள் கூகிள், ஃபேஸ்புக் கணக்கு வழியாக நுழைந்தவர்கள்; அவர்கள் சொல் அங்கே இல்லவே இல்லை. திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதைக் கம்பெனியே பிற்பாடு பகிரங்கமாக எழுதியது. அதுதான் கதையின் உயிர்.

000 வெப்ஹோஸ்ட் என்று வேறொரு கம்பெனி. வெளிநாட்டுக் கம்பெனி, ஜொமேட்டோவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அது ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளைக் காய்ச்சாமல் பச்சையாக வைத்திருந்து 2015-ல் பறிகொடுத்தது. ஜொமேட்டோவில் வேலை செய்த ஒருவருக்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது. அதே சொல்லை அவர், தம் கம்பெனியின் புரோகிராம்கள் இருந்த கிட்ஹப் என்ற இடத்திலும் வைத்திருந்தார். அங்கே அவர் கணையாழி கேட்கும் ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. திருடன் பழைய சாவியைப் போட்டுப் பார்த்தான். திறந்துகொண்டது. புரோகிராமை உட்கார்ந்து படித்தான். ஓட்டை எங்கே என்று கண்டான். எவனோ ஒருவன் பச்சையாக வைத்ததற்கு, எங்கோ இருந்த ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் வினை அனுபவித்தார்கள்.

ஹெட்மாஸ்டர் வெகுநேரம் பேசவில்லை. மண்டபம் தாண்டி உச்சிப்புளி வந்தபோது, "அந்த உத்தியோகஸ்தர் கெட்டிக்காரராகத்தான் இருந்திருப்பார், இல்லையா?" என்று கேட்டார்.

"ரொம்பக் கெட்டிக்காரர், தாத்தா."

"ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்தார்."

"ஆமாம்."

"விடைத்தாளை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியவனைப் போய் நல்ல வாத்தியார் என்று சொன்னேனே!" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியம் அதுதான். ஈரத் துணியைக்கூடக் கொடியில் போடவில்லை. புதுச் சொல்லாகக் கம்பனில் ஓர் அடியை வைக்கப் போனார். பேத்தி தடுத்துவிட்டாள். பிரசித்தமான பாட்டும் வசனமும் திருடனுடைய ஜாபிதாவில் ஏற்கெனவே இருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் எங்கேயோ திறந்து, விரல் பட்ட ஒரு சொல்லை எடுத்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள். சேர்த்துப் படித்தால் சிரிப்பு வரும். அந்தப் புத்தகக் கடைக்கும் இதே மாதிரி வேறு ஐந்து.

"இதை எப்படியம்மா ஞாபகம் வைத்துக்கொள்வது?"

"ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்க, தாத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதி வைக்கக் கூடாது என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? ஆபீஸ் மேஜையில் சீட்டு ஒட்டுவதுதான் தப்பாம். புரூஸ் ஷ்னையர் என்ற அமெரிக்க நிபுணர், சுலபமான சொல்லை மனசில் வைத்திருப்பதைவிடக் கடினமான சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வைப்பது மேல் என்று 2005-லேயே எழுதியிருக்கிறார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வருகிற கம்ப்யூட்டர்த் திருடன் ராமநாதபுரத்தில் அப்பத்தாவின் இடுப்புச் சாவிக்கு வர முடியாது.

ராத்திரி ஹெட்மாஸ்டர் புத்தகக் கடைக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார், சிவப்பு மசியில். பாங்க் அதிகாரிக்கும் நாலு வரி எழுதினார். அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை, கவரை ஒட்டிவிட்டார்.

காலையில் நான் விடைபெறும்போது வாசல்வரை வந்தார்.

"ஆமாம், நீ உன் சொல்லை எத்தனை இடத்தில் வைத்திருக்கிறாய்?"

நான் தரையைப் பார்த்தேன்.